கலோரி நிறைந்துவிடுகிறது, புரதம் நிறையவில்லை: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 162 செ.மீ., எடை 78 கிலோ. உட்கார்ந்து பார்க்கும் வேலை. மாலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். மூன்று மாதமாகச் சாப்பிடுவதையெல்லாம் ஒரு ஆப்பில் எழுதி வருகிறேன். நாளுக்கு 1,500 கலோரி, அதில் மாவுச்சத்து 40 சதவீதம், புரதம் 30, கொழுப்பு 30 என்று அதுவே பிரித்துக் கொடுத்தது. முதல் இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்தது. மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது. கலோரிக்குள் நின்றால் புரதம் 70 கிராமைத் தாண்டுவதில்லை. புரதத்தை எட்டிப் பிடித்தால் கலோரி 1,700 ஆகிவிடுகிறது. கொழுப்பு இரண்டு கிராம் கூடினாலும் ஆப்பில் சிவப்பு. புரதத்தை நிரப்புவதற்காகவே ராத்திரி பத்து மணிக்குப் பவுடர் கரைத்துக் குடிக்கிறேன். சில நாள் பசியோடு படுத்துவிடுகிறேன். 'கலோரி மட்டும் பார்த்தால் போதும்' என்கிறாள் தங்கை. 'கலோரியை விடுங்கள், மேக்ரோதான் (மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றின் அளவு) முக்கியம்' என்கிறார் ஜிம்முக்குப் போகும் அலுவலக நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? மூன்று சத்துகளையும் கூட்டினால் வரும் கலோரியும் ஆப் காட்டும் கலோரியும் ஒத்துப்போவதில்லையே, அது ஏன்? ஒரு நாள் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எடையை மட்டும் பார்த்தால் தங்கை சொல்வது சரி. நண்பர் சொல்வதில் பாதி சரி. எடை குறையுமா குறையாதா என்பது கலோரியின் கையில் இருக்கிறது. குறைகிற எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, அதுவரை வயிறு எவ்வளவு சத்தம் போடும் என்பதில்தான் புரதத்துக்குப் பெரிய பங்கு. இரண்டுமே வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி பிடிக்கக் கூடாது. ஆப் உங்களுக்கு நான்கு இலக்குகளைக் கொடுத்து, நான்கும் சமம் என்பது போலக் காட்டுகிறது. உங்கள் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4, ஒரு கிராம் கொழுப்பில் 9. ஆப் சொன்ன சதவீதத்தை கிராமாக மாற்றினால் புரதம் 112, மாவுச்சத்து 150, கொழுப்பு 50. மூன்றையும் சரியாக எட்டினால் 1,500 கலோரி தானாக வந்துவிடும். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். எனவே தினமும் ஆப்பில் நான்கும் பச்சை நிறத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கிராம் பிசகாமல் சமைத்து கிராம் பிசகாமல் சாப்பிடு என்று கேட்பதுதான். அப்படி யாராலும் நீண்ட நாள் வாழ முடியாது, வாழவும் தேவையில்லை.

நான் சொல்லும் வரிசை இது. கலோரியை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதையும் வாரச் சராசரியாகப் பாருங்கள். புரதத்தைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தினமும் தொட வேண்டும், கொஞ்சம் தாண்டினாலும் குற்றமில்லை. கொழுப்புக்கு ஒரு அகலமான இடைவெளி போதும். மாவுச்சத்துக்கு இலக்கே வேண்டாம். மற்றவை போக மிஞ்சும் இடம் அதனுடையது.

உங்கள் எண்களில் சொல்கிறேன். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நல்லது. 78 கிலோவுக்கு அது 94-லிருந்து 125 கிராம். கீழ்வரம்பாக 95 வைத்துக்கொள்ளுங்கள். ஆப் கேட்ட 112 தவறான எண் இல்லை, ஆனால் அதற்காக ராத்திரி பத்து மணிக்குப் போராட வேண்டியதில்லை. கொழுப்பு மொத்தக் கலோரியில் 20 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. 1,500-க்கு அது சுமார் 33 முதல் 58 கிராம். அதற்குக் கீழே நாள்கணக்கில் போகாதீர்கள். உடலால் உண்டாக்க முடியாத சில கொழுப்பு அமிலங்கள் உணவிலிருந்துதான் வர வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு வேண்டும். 50 கிராம் என்ற கோட்டை இரண்டு கிராம் தாண்டினால் உடலில் எதுவும் நடப்பதில்லை. அந்தச் சிவப்பு, ஆப் செய்தவர்கள் தேர்ந்தெடுத்த நிறம், அவ்வளவுதான்.

இனி உங்கள் ஒரு நாள் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது.

காலையில் இரண்டு துண்டு ரொட்டி, இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய்: 350 கலோரி, 13 கிராம் புரதம். மதியம் 250 கிராம் சோறு, 150 கிராம் வெந்த பருப்பு, ஒரு கப் வதக்கிய காய்கறி: 560 கலோரி, 23 கிராம் புரதம். மாலையில் 30 கிராம் பாதாமும் பால் விட்ட டீயும்: 235 கலோரி, 8 கிராம் புரதம். ராத்திரி அடுப்படிக்குப் போவதற்கு முன்பே 1,145 கலோரி முடிந்துவிட்டது. வந்து சேர்ந்த புரதம் 44 கிராம். மிச்சம் 355 கலோரிக்குள் 68 கிராம் புரதம் வேண்டும். அந்த 68 கிராம் மட்டுமே 272 கலோரியை எடுத்துக்கொள்ளும். எண்ணெய், சோறு, காய் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 83. வெறும் கோழி நெஞ்சுக்கறியையோ பவுடரையோ தவிர வேறு எதுவும் அந்த இடத்தில் பொருந்தாது. ராத்திரியில் நீங்கள் தடுமாறுவதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். மதியமே கணக்கு கைமீறிவிடுகிறது.

இன்னொன்றும் தெரிகிறது. வேர்க்கடலையையும் பாதாமையும் புரத உணவு என்று நம்பி எடுத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் 25 கிராம் சொச்சம், உண்மைதான். ஆனால் கொழுப்பு 49 கிராம், கலோரி 560-க்கு மேல். நல்ல உணவு, சந்தேகமில்லை. கணக்கில் அதைக் கொழுப்பின் வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒரு உணவில் எத்தனை கிராம் புரதம் என்பதோடு நிறுத்தாமல், 100 கலோரிக்கு எத்தனை கிராம் என்று கேட்டுப் பழகினால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் 100 கலோரிக்குச் சுமார் 19 கிராம். கொழுப்பு நீக்கி வடிகட்டிய கெட்டித் தயிரில் சுமார் 17. சோயா உருண்டையில் 15. முட்டையில் 8-லிருந்து 9. பருப்பில் 8. வேர்க்கடலையில் நாலரை. சோற்றில் 2.

அதே நாளை இப்படி மாற்றிப் பாருங்கள். காலையில் இரண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, 150 கிராம் வடிகட்டிய தயிர்: 310 கலோரி, 30 கிராம் புரதம். மதியம் சோற்றை 150 கிராமாகக் குறைத்து, பருப்பை 200 ஆக்கி, காய்கறியை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கினால் 525 கலோரி, 25 கிராம் புரதம். மாலையில் டீ, ஒரு பழம், பத்து பாதாம்: 210 கலோரி, 4 கிராம் சொச்சம். ராத்திரி வெந்த கோழி 120 கிராம், சோறு 100 கிராம், அதே மாதிரி வதக்கிய காய்கறி: 430 கலோரி, 43 கிராம். மொத்தம் 1,475 கலோரி, புரதம் நூற்றுக்குச் சற்று மேல், கொழுப்பு 35-ஐ ஒட்டி. பவுடர் இல்லை, பசியோடு படுக்கவும் வேண்டாம். இறைச்சி வேண்டாம் என்ற நாளில் கோழி இருந்த இடத்தில் சோயாவை வையுங்கள். பருப்பையே நம்பினால் அதன் புரதத்தோடு இரண்டு மடங்கு மாவுச்சத்தும் வரும், அதனால் அன்றைக்குச் சோற்றில் இன்னும் கை வைக்க வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்தில் பெரிதாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புரதத்தை நாள் முழுக்கப் பிரித்தோம், காலையிலேயே 30 கிராமை முடித்தோம், அவ்வளவுதான். காலையில் ரொட்டியோடு கிளம்பிவிட்டு ராத்திரியில் புரதத்தைத் துரத்துகிறவர்கள்தான் அதிகம். அடுத்த நாளுக்கான புரதத்தை முந்தின இரவே ஆப்பில் எழுதி வையுங்கள். மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

நண்பர் சொன்னதற்கும் ஆய்வுகளைக் கொண்டே பதில் சொல்கிறேன். 2009-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 811 பேரை நான்கு குழுவாகப் பிரித்து, கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றின் விகிதத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு ஆண்டு பார்த்தார்கள். எடைக் குறைவு நான்கு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து, கொழுப்பு குறைந்த உணவையும் மாவுச்சத்து குறைந்த உணவையும் ஓராண்டு ஒப்பிட்டார்கள். ஒரு குழு சராசரியாக 5.3 கிலோ, இன்னொரு குழு 6 கிலோ. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே 40-30-30 என்பதில் தனி மகிமை எதுவும் கிடையாது. உங்களுக்குச் சோறு பிடிக்குமென்றால் கொழுப்பைக் கொஞ்சம் குறைத்துச் சோறு சாப்பிடுங்கள். நீங்கள் விட்டுவிடாமல் தொடரக்கூடிய விகிதம் எதுவோ, அதுவே உங்களுக்கான விகிதம்.

ஆனால் புரதத்தை மட்டும் இந்தப் பட்டியலிலிருந்து தனியாக எடுத்து வைக்கிறேன். கலோரியைக் குறைக்கும்போது உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கும். போதிய புரதமும் வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். பசியும் அடங்கும். செரிக்கும் வேலையிலேயே புரதம் தன் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவழித்துவிடும். மாவுச்சத்தில் அது 5 முதல் 10, கொழுப்பில் 3-க்குள். நீங்கள் நடப்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நடை நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். தசைக்கு அது போதாது.

இப்போது மூன்று வாரத் தேக்கம். ஆப் கொடுத்த 1,500-ஐ நான் சந்தேகப்படவில்லை. மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் உங்கள் எண்களைப் போட்டால், சும்மா படுத்திருந்தாலே நாளுக்குச் சுமார் 1,450 கலோரி செலவாகும் என்று வருகிறது. நடையையும் மற்ற அலைச்சலையும் சேர்த்தால் 1,800-லிருந்து 2,000. ஆகவே 1,500 உண்மையிலேயே 1,500-ஆக இருந்தால் எடை இறங்க வேண்டும். தயவுசெய்து அதை 1,200-க்கு இறக்காதீர்கள். அதற்கு முன் எழுதும் கணக்கைச் சரிபார்க்கலாம்.

உங்கள் கணக்கில் எனக்கு உறுத்தியவை மூன்று. முதலாவது, 'வதக்கிய காய்கறி ஒரு கப், 60 கலோரி'. அது எண்ணெய் இல்லாமல் வேகவைத்த காயின் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. நாளுக்கு இரண்டு கரண்டி கணக்கில் வராமல் போனால் 240 கலோரி. செலவாவதை விடக் குறைவாகச் சாப்பிட்டு நீங்கள் உண்டாக்கும் பற்றாக்குறையில் பாதியோ அதற்கு மேலோ அங்கே போய்விடும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுவிட்டுக் கரண்டியில் அளந்து விடுங்கள். எதை அளக்காவிட்டாலும் எண்ணெயை அளங்கள்.

இரண்டாவது, அன்று ராத்திரி 'கோழி 150 கிராம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சையாகவா, வெந்த பிறகா? பச்சைக் கறியில் 100 கிராமுக்கு 22 கிராம் சொச்சம் புரதம். வெந்ததும் தண்ணீர் வற்றி அதுவே 31 ஆகிவிடும். பச்சையாக நிறுத்துவிட்டு, 'வெந்தது' என்ற பதிவைத் தேர்ந்தெடுத்தால் ஆப் 46 கிராம் காட்டும், வயிற்றுக்குள் போனது 34. அரிசியில் இது தலைகீழ்: 100 கிராம் அரிசியில் 350 கலோரிக்கு மேல், 100 கிராம் சோற்றில் 130. எப்படி நிறுத்தீர்களோ அப்படியே உள்ள பதிவைத் தேடி எடுங்கள்.

மூன்றாவது, நடைக்கு ஆப் கூட்டிக் கொடுத்த 250 கலோரி. சில நாள் அதையும் சாப்பிட்டிருக்கிறீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். அதுவும் போக, உங்கள் நடை ஏற்கெனவே 1,800–2,000 என்ற கணக்குக்குள் இருக்கிறது. அதை இரண்டாம் முறை வரவு வைக்க வேண்டாம். ஆப்பின் அமைப்புகளில் உடற்பயிற்சிக் கலோரியைக் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1992-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் உண்மையில் சாப்பிட்டதை விட 47 சதவீதம் குறைவாகவும், செய்த உழைப்பை விட 51 சதவீதம் கூடுதலாகவும் சொல்லியிருந்தது தெரிந்தது. யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும்.

இதோடு தண்ணீரையும் நினைவில் வையுங்கள். உடலில் சேரும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறுவது பல பெண்களுக்கு வழக்கம். எனவே மூன்று வாரத்தை வைத்துத் தேக்கம் என்று முடிவு கட்ட முடியாது. தினமும் காலையில் எழுந்ததும் எடை பார்த்து, வாரச் சராசரி எடுத்து, போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நாளின் எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

கலோரி ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். 4, 4, 9 என்பவை சராசரிகள். நார்ச்சத்தையும் ஆப் மாவுச்சத்தோடு சேர்த்தே காட்டும், ஆனால் அதிலிருந்து உடலுக்குக் கிடைப்பது கிராமுக்குச் சுமார் 2 கலோரிதான். பொட்டலங்களில் எண்களை முழுமையாக்கி அச்சிடுகிறார்கள். ஆப்பில் பல பதிவுகள் உங்களைப் போன்ற பயனர்களே ஏற்றியவை. பாதாமையே எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-ல் அளந்தபோது, வழக்கமான கணக்கு அதன் கலோரியை 32 சதவீதம் கூட்டிச் சொல்வதாகத் தெரிந்தது. 50, 60 கலோரி வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 200, 300 என்று வந்தால் ஏதோ ஒரு பதிவு தப்பு. அதைக் கண்டுபிடித்து மாற்றுங்கள்.

பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கெடுதல் இல்லை. ராத்திரியில் குடித்தால் கொழுப்பாக மாறும் என்பதும் சரியில்லை. 24 கிராம் புரதத்துக்கு 120 கலோரி என்பது நல்ல விகிதம். காலை உணவுக்கு நேரம் இல்லாத நாளில் அதைக் காலையில் குடியுங்கள். எண்ணை நிரப்புவதற்காக, பசிக்காமல் குடிக்க வேண்டாம்.

பசியோடு படுக்கிறேன் என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குக் கவலை தந்தது. கொழுப்பு நிறைந்துவிட்டது என்பதற்காக 250 கலோரி மிச்சம் இருக்கும்போது சாப்பிடாமல் படுக்காதீர்கள். அன்றைக்குச் சாப்பிடுங்கள், எதுவானாலும் சரி. ஆப்பில் கொழுப்பு, மாவுச்சத்து இரண்டின் காட்டியையும் மறைத்து வையுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். எண்களுக்குப் பயந்து பிறரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கத் தொடங்கினால், எழுதாத உணவை நினைத்துத் தூக்கம் கெட்டால், எழுதுவதையே நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். எடை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியது: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நீங்கள் அடுத்த நான்கு வாரத்துக்கு 1,500 மேல்வரம்பு, 95 கீழ்வரம்பு என்ற இரண்டை மட்டும் பாருங்கள். எண்ணெயை அளங்கள், நடைக் கலோரியைக் கூட்டாதீர்கள். ஒரு நாள் 1,700 ஆனால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள், மூன்று நான்கு நாளில் ஐம்பது ஐம்பதாகச் சரிக்கட்டலாம். அதன் பிறகும் வாரச் சராசரி இறங்கவில்லை என்றால், நான்கு வாரத்தின் எடைச் சராசரி, கலோரிச் சராசரி, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கூடவே ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். இந்தக் கடிதத்தில் அது இல்லை.